தெருவில் யாருக்கோ தொடர் இருமல்: சென்னையில் காசநோயைக் கண்டுபிடித்து, குணமாகும் வரை கூட நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். எக்ஸ்ரே இலவசம். ஆறு மாத மாத்திரையும் இலவசம். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையமும் பலருக்கு நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. இத்தனை இருந்தும் இந்த நோய் ஏன் தெருவை விட்டுப் போகவில்லை? 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் ஒரு பதில் இருக்கிறது. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அந்தக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது நம்ம சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது. இருமல் தொடங்கிய நாளுக்கும் சளி டப்பாவைக் கையில் வாங்குகிற நாளுக்கும் நடுவில் ஒன்று. மாத்திரை சாப்பிட்டு உடம்பு தேறியதும் 'இனி எதுக்கு' என்று நிறுத்துகிற மூன்றாவது மாதத்தில் இன்னொன்று. இந்த இரண்டு இடத்திலும் டாக்டருக்குக் கண் எட்டாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டும். தெருச் சங்கம், மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, இளைஞர் மன்றம், குடியிருப்போர் சங்கம் என்று எந்தப் பெயரில் கூடுகிறவர்களாக இருந்தாலும் சரி, கீழே சொல்லியிருப்பது உங்களால் முடிகிற வேலைதான்.

1. முதலில் சுகாதார நிலையத்துக்குப் போய் முகம் காட்டுங்கள்

நான்கைந்து பேர் போதும். பெரிய கூட்டம் சேர்த்து, பேனர் அடித்து, துவக்க விழா நடத்தி, அடுத்த மாதம் ஆளில்லாமல் போன குழுக்களை நிறையப் பார்த்தாயிற்று. தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டத் தயங்காத ஒரு அக்கா, ஆண்களிடம் பேசக்கூடிய ஒருவர், முடிந்தால் டிபி வந்து குணமான ஒருவர். இந்தக் கடைசி ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. "எனக்கும் இருந்துச்சு, ஆறு மாசம் மாத்திரை போட்டேன், இப்ப பாரு" என்று அவர் சொல்வதற்கு இருக்கிற எடை எந்தத் துண்டறிக்கைக்கும் இல்லை. சென்னையில் 1999 முதல் இயங்கும் ரீச் என்ற தொண்டு நிறுவனம் இப்படிக் குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே முன்னால் நிறுத்தி வேலை செய்கிறது.

ஆள் சேர்ந்ததும் உங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாநகராட்சிக்கு 200 வார்டுகள் இருக்கின்றன. எந்தத் தெரு எந்த நிலையத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே காசநோய்ப் பணிக்கென்று ஒரு சுகாதாரப் பார்வையாளர் இருப்பார், அவருக்கு மேலே எஸ்டிஎஸ் என்று எல்லாரும் சொல்கிற சிகிச்சை மேற்பார்வையாளர். இந்த இரண்டு பேரின் ஃபோன் நம்பரும் உங்களிடம் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவை: சளி மாதிரியை எத்தனை மணி வரை வாங்குவார்கள், எக்ஸ்ரே எங்கே எடுப்பார்கள், நடமாடும் எக்ஸ்ரே வண்டி நம்ம பகுதிக்கு எப்போது வரும், வரவழைக்க யாரிடம் சொல்ல வேண்டும், காலி டப்பாக்கள் சிலவற்றை நம்மிடமே கொடுத்து வைப்பார்களா.

அரசு ஊழியர்கள் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கலாம். பழகும் வரை அப்படித்தான். முதல் நாலைந்து பேரை ஒழுங்காக அழைத்துப் போய்க் காட்டினீர்கள் என்றால் பிறகு அவர்களே கூப்பிடுவார்கள்.

2. யாரைத் தேடுவது, எப்படிக் கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், ராத்திரியில் வியர்த்துக் கொட்டுதல், சளியில் ரத்தம், நெஞ்சுவலி. இவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதனைக்குப் போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு டிபி இருந்தாலோ, எச்ஐவி தொற்று இருந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, எத்தனை நாள் இருமலானாலும் போகலாம். குழந்தைகளுக்கு இருமல் முன்னால் தெரியாது. எடை ஏறாமலே இருப்பது, விளையாடாமல் சுருண்டு படுப்பது, கழுத்தில் நெறிகட்டியது போல வீக்கம் நாள்பட்டு இருப்பது ஆகியவற்றைப் பாருங்கள்.

இதோடு நின்றால் போதாது. அதே கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கைநழுவிப் போயிருப்பார்கள் என்று தெரிந்தது. சொல்லும்படியான அறிகுறியே இல்லாமல் நுரையீரலில் நோய் இருப்பவர்கள் அத்தனை பேர். அதனால் அறிகுறி கேட்பதோடு, யாருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பார்த்து அவர்களை எக்ஸ்ரே வண்டிக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகள், முன்பு டிபி வந்தவர்கள், டிபி நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்தவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள், உடம்பு மெலிந்த முதியவர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும். நம்ம ஊரில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களிடம் பேசி வையுங்கள். யாருக்குச் சர்க்கரை, யார் மெலிந்துகொண்டே போகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இடமும் முக்கியம். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர்கள் நாள் கணக்கில் கடலில் இருப்பார்கள். கரையில் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர்கள் ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்குவார்கள், காலை பத்து மணி முகாம் அவர்களுக்கு உதவாது. கட்டுமான இடங்களில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த ஒருவர் வேண்டும். மேஸ்திரியிடம் முதலில் பேச வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற குடியிருப்புகளில் நகரத்தின் வேறு மூலையிலிருந்து குடிபெயர்க்கப்பட்டவர்களே அதிகம், சிலர் பாதி சிகிச்சையோடு வந்திருப்பார்கள். பழைய இடத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாரா என்று தனியாகக் கேளுங்கள்.

கேட்கும் விதம்தான் எல்லாம். "உங்க வீட்ல யாருக்காவது டிபி இருக்கா?" என்று கேட்டால் கதவு சாத்தப்படும். "அக்கா, ராத்திரில இருமல் சத்தம் கேக்குதே, யாருக்கு? எத்தனை நாளா?" என்று கேளுங்கள். நாள் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது, "ஒரு வாரமா" என்பார்கள். "ஆடித் திருவிழாவுக்குக் கூழ் ஊத்தினாங்களே, அப்பவே இருந்துச்சா?" என்று ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்டால் சரியான பதில் வரும். புகை பிடிக்கிறவர் "இது சிகரெட் இருமல்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பார். அவருக்குத்தான் பரிசோதனை முதலில் வேண்டும். பெண்கள், குறிப்பாகப் புதிதாகக் கல்யாணமானவர்கள், மாமியார் முன்னால் ஒன்றும் இல்லை என்றே சொல்வார்கள். அவர்களைத் தண்ணீர் பிடிக்கிற இடத்திலோ ரேஷன் கடையிலோ தனியாகப் பார்த்துப் பேசுங்கள்.

மெடிக்கல் ஷாப்காரரை மறந்துவிடாதீர்கள். நிறையப் பேருக்கு அவர்தான் முதல் டாக்டர். மூன்றாவது முறையாக இருமல் சிரப் வாங்க வருகிறவரை அவர்தான் முதலில் பார்க்கிறார். "அண்ணே, திரும்பத் திரும்ப சிரப் கேட்கிறவங்களை எங்ககிட்ட அனுப்புங்க" என்று சொல்லி வையுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: லெவோஃப்ளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் கொடுத்தால் டிபி கொஞ்ச நாள் அடங்கிய மாதிரி இருந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். டிபி மருந்து விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம், கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. சளி எடுக்கிற வேலை

இந்தப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவைக் கொடுத்து "துப்பிட்டு வாங்க" என்று அனுப்பினால் எச்சில்தான் வரும். எச்சிலை வைத்துப் பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். 'டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க' என்று அவர் வீட்டுக்குப் போய்விடுவார், இருமல் தொடரும், வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும்.

சரியான முறை இது. பொதுவாக இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று சுகாதார நிலையத்திலேயே எடுப்பது, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும் வீட்டில் எடுப்பது. காலைச் சளி ராத்திரி முழுக்கச் சேர்ந்தது, அதில் கிருமி இருந்தால் பிடிபடும் வாய்ப்பு அதிகம். முதலில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிறகு மொட்டை மாடி, வீட்டு வாசல் மாதிரி காற்றோட்டமான திறந்த இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குள், மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை நேராக டப்பாவுக்குள் துப்ப வேண்டும். நீங்கள் எதிரில் நிற்காதீர்கள், காற்று வருகிற பக்கமாக முதுகு காட்டி நில்லுங்கள். மூடியை இறுக்கி, பெயரை டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடி மாறிப்போகும். வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தினக்கூலிக்காரர் சளி கொடுக்க இரண்டு நாள் வேலையை விட மாட்டார். காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று டப்பாவை வாங்கிக்கொண்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த ஒரு தடை நீங்கும்.

பரிசோதனையில் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற மூலக்கூறு பரிசோதனைகள் இருக்கின்றன. ட்ரூநாட் கோவாவில் தயாராகிற நம் நாட்டுக் கருவி. இவை சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்வதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். வெறும் மைக்ரோஸ்கோப் மட்டும் பார்த்திருந்தால் "சிபிநாட் செய்யலாமா மேடம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்கிற உரிமை இருக்கிறது. முடிவு 'இல்லை' என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால் எக்ஸ்ரேவோடு மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும், அதோடு விட்டுவிடக் கூடாது.

ஏதாவது ஒரு லேபில் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த வகை ரத்தப் பரிசோதனைகளுக்கு 2012-இலேயே தடை போட்டுவிட்டார்கள்.

தனியார் டாக்டரிடம் காட்டுகிறவரையும் விட்டுவிடாதீர்கள். 2012 முதல் தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். காசநோயாளிகளைப் பதிவு செய்கிற அரசு இணையதளமான நிக்ஷயில் பெயர் ஏறினால்தான் உதவித்தொகை, தொடர் கண்காணிப்பு எல்லாம் கிடைக்கும். தனியாரிடமே சிகிச்சை தொடர்ந்தாலும் அரசின் இலவச மருந்தைப் பெற வழி உண்டு. "டாக்டர், நிக்ஷய்ல பதிவு பண்ணியாச்சா?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

4. நோய் உறுதியான முதல் வாரம்

முடிவு தெரிந்த அன்று அந்த வீட்டில் இடி விழுந்த மாதிரி இருக்கும். அன்றைக்கே எல்லா விவரத்தையும் கொட்டாதீர்கள். "மருந்து இருக்கு, குணமாகும், நாளைக்கு நான் கூட வர்றேன்" என்பது போதும்.

ஆனால் ஒன்றை மட்டும் அன்றைக்கே பார்க்க வேண்டும்: இவரை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உடனே சேர்க்க வேண்டுமா? டிபியால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான் சாகிறார்கள். இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லா திட்டம் தொடங்கியது. ஆய்வகம் எதுவும் இல்லாமலே மூன்று விஷயத்தைப் பார்த்து ஆபத்தை அடையாளம் காண்கிறார்கள்: எலும்பும் தோலுமாக மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா அல்லது ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா. இதில் ஒன்று இருந்தாலும் "இவரைச் சேர்க்கணுமான்னு பாருங்க" என்று நிலையத்தில் சொல்லுங்கள். ஓட்டேரியில் இருக்கும் அரசு நெஞ்சக மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் இதற்கானவை. தினமும் மின்சார ரயிலில் 'சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டுகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் அந்த மருத்துவமனை.

மற்றபடி முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை: சர்க்கரைப் பரிசோதனை, எச்ஐவி பரிசோதனை (எல்லா காசநோயாளிக்கும் செய்வார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்), எடை பார்ப்பது, வங்கிக் கணக்கு விவரம் கொடுப்பது. அடையாள அட்டையோ வங்கிக் கணக்கோ இல்லை என்பதற்காக மாத்திரை தொடங்குவது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. கணக்கு பிறகு தொடங்கிக்கொள்ளலாம், கூட வங்கிக்குப் போய் வருவது உங்கள் வேலை.

5. ஆறு மாதம்

சாதாரண டிபிக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எல்லாம் ஒரே மாத்திரையில் கலந்து வரும், எடையைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பெரியவர்களில் 35 முதல் 49 கிலோ வரை தினமும் 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4. அதனால்தான் மாதாமாதம் எடை பார்ப்பது முக்கியம்.

தினமும் மாத்திரை சாப்பிடுவதை உறுதிசெய்ய ஒரு சிகிச்சை ஆதரவாளர் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடைக்காரர், மகளிர் குழுத் தலைவி என்று யாராகவும் இருக்கலாம், நோயாளி தானே தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பத்தினரையும் பயிற்சி கொடுத்து ஆக்கலாம். சிகிச்சை முடிந்ததும் ஆதரவாளருக்கு 1,000 ரூபாய், மருந்துக்குக் கட்டுப்படாத வகையானால் 5,000 ரூபாய் மதிப்பூதியம் உண்டு, அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. தொகை சிறியதுதான், கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை நேரத்தை அவருடைய நாளோடு சேர்த்துக் கட்டுங்கள். விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவருக்குக் காலை எட்டு மணி என்று சொன்னால் நடக்காது. வெறும் வயிற்றில் குமட்டினால் இட்லி சாப்பிட்ட பிறகு போடலாமா என்று நர்ஸிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பக்கவிளைவுகளை முதலிலேயே சொல்லி வைத்தால் பாதி பேர் நிறுத்த மாட்டார்கள். சிறுநீர் செக்கச் செவேலென்று ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், ரத்தமில்லை. மூட்டு வலிக்கலாம், கால் எரிச்சல், மதமதப்பு வரலாம். இவற்றுக்கு மருந்து உண்டு, நிலையத்தில் சொல்ல வேண்டும். கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காமல் இருப்பது, பார்வை மங்குவது, நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது ஆகியவை வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் ஓட வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு ஒரு விஷயம், இதை ஆண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்: ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், வேறு முறைக்கு மாற வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் டிபி சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பால் கொடுக்கிற தாய் டாக்டரின் ஆலோசனையோடு தொடர்ந்து பால் கொடுக்கலாம்.

இப்போது அந்த மூன்றாவது மாதம். காய்ச்சல் போயிருக்கும், இருமல் அடங்கியிருக்கும், பசி எடுக்கும், வேலைக்குத் திரும்பியிருப்பார். இரண்டாவது மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை என்றும் வந்திருக்கும். அந்த நல்ல செய்திதான் ஆபத்து. மிச்சமிருக்கிற கிருமிகள் சோம்பலாகக் கிடப்பவை, அவற்றைத் தீர்க்கத்தான் அடுத்த நான்கு மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம், மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம். இதை விளக்கினால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. முதல் மாதத்தில் தினமும் போய்ப் பார்த்தவர்கள் மூன்றாவது மாதத்தில் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள், நடக்க வேண்டியது நேர்மாறு. நோயாளி தளர்வது இந்த மாதத்தில்தான், அப்போது வாரம் இரண்டு முறையாவது போங்கள்.

குடிக்கிறவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "குடியை விடு, அப்புறம் மாத்திரை" என்று சொன்னால் இரண்டும் நடக்காது. குடித்த நாளிலும் மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடியால் ஈரல் கெடும் ஆபத்து கூடும் என்பதால் மஞ்சள் காமாலை அறிகுறியை இன்னும் கூர்ந்து கவனியுங்கள், குடி மறுவாழ்வுக்கு டாக்டரிடம் வழி கேளுங்கள். அவர் மனைவியை மட்டும் காவல் வைக்காதீர்கள், அந்த வீட்டில் அது தினமும் ஒரு சண்டையாகும். கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர் சிறந்த ஆதரவாளர்.

பொங்கலுக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, சாவுக்கு என்று விழுப்புரமோ மதுரையோ போகிறார் என்றால் போகிற நாளுக்கும் கூடவே சில நாளுக்கும் சேர்த்து மாத்திரை வாங்கிக் கொடுங்கள். நிரந்தரமாக ஊர் மாறினால், வெளிமாநிலமானாலும் நிக்ஷய் எண்ணை வைத்துச் சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் என்றால் 1800 11 6666 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

6. சாப்பாடு

நிக்ஷய் போஷண் உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 3,000 ரூபாய் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சத்துணவைச் சிலர் தர்மமாக நினைக்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்விலும் சேத்துப்பட்டு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. உணவுப் பை கொடுக்கும்போது நோயாளிக்கு மட்டும் கணக்குப் போடாமல் வீட்டுக்கே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். அம்மா தன் பங்கு முட்டையைப் பிள்ளைக்குத்தான் வைப்பாள். 2022 முதல் நிக்ஷய் மித்ரா என்ற முறையில் தனிநபரோ சங்கமோ கடையோ ஒரு நோயாளியின் உணவுச் செலவை ஏற்கலாம்.

டப்பாவில் வரும் புரோட்டீன் பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், ரேஷன் துவரம்பருப்பு, விலை குறைந்த நாளில் மத்தி, நெத்திலி. சமைக்க ஆளில்லாத தனிக்கட்டைக்கு அம்மா உணவகம் இருக்கவே இருக்கிறது, அதோடு இரண்டு அவித்த முட்டையை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். எடை ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை, குறைகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பை கொடுக்கும் படத்தை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். முகத்தை மறைத்தாலும் வேண்டாம். தெருவில் எல்லாருக்கும் அந்தச் சட்டையைத் தெரியும்.

7. வீட்டில் இருக்கிற மற்றவர்கள்

நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட அதே வாரத்தில் வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. டிபி இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து. வாரம் ஒருமுறை 12 வாரம் சாப்பிடுகிற முறையும், தினமும் ஆறு மாதம் ஐசோநியாசிட் மட்டும் சாப்பிடுகிற முறையும் உண்டு, எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது தவறவே கூடாது. பிறந்தபோது போட்ட பிசிஜி தடுப்பூசி அவர்களைக் கடுமையான வகையிலிருந்து காக்கும், ஆனால் முழுப் பாதுகாப்பு தராது. "நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை?" என்று ஆயா கேட்பார். பேரன் அதே அறையில் தூங்கினான், கிருமி உள்ளே போயிருக்கலாம், முளைப்பதற்கு முன்பே கிள்ளிவிடுகிறோம் என்று சொல்லுங்கள்.

8. ஹவுஸ் ஓனர், முதலாளி, பக்கத்து வீடு

நோயாளியின் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். இதை மீறுகிற ஆள் குழுவில் இருந்தால், எவ்வளவு உழைப்பாளியானாலும் விலக்கிவிடுங்கள். ஒரு வீட்டில் ரகசியம் கசிந்தால் அடுத்த பத்து வீட்டில் யாரும் இருமலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விஷயம் ஏற்கெனவே தெரிந்து, வீட்டைக் காலி செய் என்று ஓனர் சொன்னால் நேரில் போய்ப் பேசுங்கள். தட்டு, டம்ளர், துணி, டாய்லெட் வழியாக டிபி பரவாது. நுரையீரலில் நோய் இருப்பவர் இருமும்போது காற்றில்தான் பரவும், மருந்து ஒழுங்காகப் போக ஆரம்பித்துச் சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். கழுத்துக் கட்டி, எலும்பு, வயிறு போன்ற இடங்களில் வருகிற டிபி மற்றவர்களுக்குப் பரவுவதில்லை. நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஊரே நம்ம ஊர்தான் என்று ஓனரிடம் பெருமையாகவே சொல்லலாம். 1956-இல் மெட்ராஸில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் இன்னொரு பகுதியினரை நெரிசலான அவரவர் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அதுவும் ஒரு காரணம். அந்த மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம்.

முதல் சில வாரம் வாயை மூடி இருமுவது, மாஸ்க், ஜன்னலைத் திறந்து வைப்பது, முடிந்தால் தனியாகப் படுப்பது போதும். ஒற்றை அறை வீட்டில் தனி அறை பற்றிப் பேசுவது கேலியாகத்தான் இருக்கும். தலைமாட்டை ஜன்னல் பக்கம் மாற்றுங்கள், பகலில் வாசலில் உட்காரச் சொல்லுங்கள்.

வேலை செய்கிற இடத்தில் எத்தனை நாள் லீவு வேண்டும் என்பதற்கு டாக்டரிடம் சான்று வாங்கலாம், சான்றில் நோயின் பெயர் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். ஈஎஸ்ஐ இருப்பவர்களுக்கு டிபிக்கு நீண்டகால நோய்ப் பலன் உண்டு, பலருக்கு இது தெரியாமலே சம்பளம் போகிறது.

9. கணக்கு நோட்டும் கடைசிக் கட்டமும்

ஒரு நோட்டு போதும். பெயருக்குப் பதில் உங்களுக்கு மட்டும் புரிகிற எண், மாத்திரை தொடங்கிய தேதி, மாத எடை, அடுத்த சளி தேதி, மாத்திரை தீரும் தேதி. இந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நிலையத்தில் இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்துத் தட்டுப்பாடு வராத துறை இல்லை, கடைசி நாளில் போய் நின்றால் வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்கும். நோட்டு ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டி இருக்கட்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று வந்தால் பயப்பட வேண்டாம், சிகிச்சை உண்டு. முன்பு ஊசியோடு இரண்டு வருடம் வரை இழுத்தது. இப்போது தகுதியுள்ளவர்களுக்கு பெடாகுவிலின் என்ற மருந்து சேர்ந்த ஆறு மாத மாத்திரை முறைக்கு 2024-இல் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் இதயம், ரத்தம், நரம்பு என்று பக்கவிளைவுக் கண்காணிப்பு கூடுதல், பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். இவர்களுக்குக் குழுவிலேயே நிதானமான ஆளை ஒதுக்குங்கள்.

ஆறாவது மாத முடிவில் மறுபடி சளி கொடுத்து, கிருமி இல்லை என்று வந்தால்தான் சிகிச்சை முடிந்தது. அதற்குப் பிறகும் 6, 12, 18, 24 மாதங்களில் ஒருமுறை பரிசோதனை உண்டு, நோய் திரும்பினால் பெரும்பாலும் இந்த இரண்டு வருடத்துக்குள்தான் திரும்பும். இந்த நான்கு தேதியையும் உங்கள் ஃபோன், அவர் ஃபோன் இரண்டிலும் போட்டு வையுங்கள். அவர் நம்பர் மாற்றியிருந்தால் தேடிப் பிடிக்க, தெருவில் இன்னும் ஒருவரின் நம்பரையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.